சந்நிதிக்கு எதிரே ஓர் அம்மாள்

திருவையாற்றுக்குப் போகிறவர்கள் காவேரியில் நீராடுகிறார்கள், ஐயாறப்பரைத் தரிசிக்கிறார்கள், பிறகு ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சமாதிக்கு வந்து கைகூப்பி நிற்கிறார்கள். புஷ்ய பகுள பஞ்சமியை ஒட்டிப் போகிறவர்களுக்கோ பந்தலில் உட்கார இடம் கிடைப்பதே பெரும் பாக்கியம். அந்தக் கூட்டத்திலே, சந்நிதிக்கு எதிரே சிலை வடிவில் அமர்ந்திருக்கும் ஓர் அம்மையாரை ஏறிட்டுப் பார்ப்பவர்கள் எத்தனை பேர் என்று நாம் அறியோம். பார்த்தவர்களிலும், அது யார் என்று கேட்டவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

சில காலத்துக்கு முன், விழாக்காலம் அல்லாத ஒரு நாளில், நண்பர் ஒருவரின் குடும்பத்தோடு நாம் அங்கே போயிருந்தோம். நண்பர் பெரிய சங்கீதப் பைத்தியம். ஆலாபனையின் முதல் பிடி காதில் விழுந்த மாத்திரத்தில் ராகம் இன்னது, அது எத்தனையாவது மேளத்தில் பிறந்தது என்று சொல்லிவிடுவார். எந்த வித்வான் எந்த வருஷம் எந்தச் சபையில் என்ன பாடினார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருடைய பெண் பத்து வயதுக் குழந்தை, பாட்டுக் கற்றுக்கொள்கிறவள். அவள் அந்தச் சிலைக்கு முன்னால் நின்று, "அப்பா, இந்தப் பாட்டி யார்?" என்று கேட்டாள். நண்பர் சற்று யோசித்தார். "யாராவது பணம் கொடுத்த அம்மாளாயிருக்கும், அம்மா. வா, நேரமாகிறது" என்றார்.

நண்பர் பேரில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. அவர் சொன்னது பொய்யும் அல்ல. அந்த அம்மையார் பணம் கொடுத்தவர்தாம்; உடுத்த புடவை போக மற்றதையெல்லாம் கொடுத்தவர் என்றே சொல்லலாம். ஆனால் அந்தக் குழந்தைக்கு அவ்வளவு மட்டும் தெரிந்தால் போதுமா? அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் நாம் அவளுக்குச் சொல்லிக்கொண்டு வந்த கதையைத்தான் இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்ல விரும்புகிறோம்.

* * *

ஸ்ரீமதி பெங்களூர் நாகரத்தினம்மாள் 1878-ஆம் வருஷம் மைசூர் ராஜ்யத்து நஞ்சன்கூட்டில் பிறந்தார். தாயார் புட்டலட்சுமி அம்மாள். தேவதாசிக் குலம். வசதி படைத்த வீடு அல்ல. தாயும் மகளும் ஆதரவற்றிருந்த நாட்களும் உண்டு. அப்படியிருந்தும் புட்டலட்சுமி அம்மாள் ஒரு விரதம் பூண்டிருந்தார்: மகளுக்குக் கல்வியும் சங்கீதமும் குறைவறக் கிடைக்க வேண்டும் என்பதே அது. குழந்தை ஸம்ஸ்கிருதம் படித்தாள். கன்னடமும் தெலுங்கும் தமிழும் கற்றாள். பாட்டோடு பரதமும் பயின்றாள். பெங்களூரில் அவளுக்குச் சங்கீதம் கற்பித்த முனிசாமியப்பா என்பவர் ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளின் சிஷ்ய பரம்பரையில் வந்தவர். ஆகவே சுவாமிகளின் கீர்த்தனைகள் அந்தப் பெண்ணுக்குப் பாடம் மட்டும் அல்ல, குருவின் குரு கொடுத்த பிதுரார்ஜிதமும் ஆயின.

பிற்பாடு அவர் சென்னைக்கு வந்தார். அக்காலத்துச் சென்னையில் ஒரு பெண் மேடையேறிப் பாடிப் பொருளும் புகழும் ஈட்டுவது எளிதன்று. நாகரத்தினம்மாள் இரண்டையும் ஈட்டினார். கிராமபோன் வந்த புதிதிலேயே அவருடைய குரல் இசைத்தட்டில் ஏறியது. வீடு, நகை, பணம், பெரிய மனிதர்களின் மதிப்பு எல்லாம் வந்து சேர்ந்தன. வேறொருவராயிருந்தால் அதோடு திருப்தி அடைந்து, வயதான காலத்தில் ஊஞ்சலில் உட்கார்ந்து பழைய கச்சேரிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பார். இந்த அம்மையாருக்கோ படிக்கிற பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தினால்தான் அவருக்கு முதல் தொல்லை வந்து சேர்ந்தது.

* * *

தஞ்சாவூரை 1739 முதல் 1763 வரை ஆண்ட பிரதாபசிம்ம மகாராஜாவின் அரண்மனையில் முத்துப்பழனி என்று ஒரு கவி இருந்தாள். அவளும் தேவதாசிக் குலத்தவள். அவளுடைய பாட்டி தஞ்சநாயகியும் அதே அரண்மனையில் பெயர் பெற்றவள். முத்துப்பழனி தெலுங்கில் 'ராதிகா ஸாந்த்வனம்' என்ற காவியத்தை இயற்றினாள். ராதை தான் வளர்த்த பெண்ணாகிய இளாதேவியைக் கண்ணனுக்கு மணம் செய்து கொடுத்துவிட்டு, பிறகு பிரிவும் பொறாமையும் தாங்க மாட்டாமல் தவிப்பதும், கண்ணன் அவளைத் தேற்றுவதும்தான் கதை. சிருங்கார ரசம் நிறைந்தது, சந்தேகம் இல்லை. ஆனால் அதே முத்துப்பழனிதான் நம் ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரங்களிலும் சிலவற்றைத் தெலுங்கில் ஆக்கித் தந்தவள் என்பதையும் நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

காவியத்தின் முகவுரையில் முத்துப்பழனி தன் வம்சத்தைக் கூறுகிறாள். கவிகள் தங்கள் குலமுறை கிளத்துவது வழக்கந்தானே! ஆனால் இந்தக் கவி சொல்லும் வம்சம் பெண்களின் வம்சம். பாட்டி, அத்தை என்று பெண் வழியே கல்வியும் கவிதையும் வந்த வரலாற்றை அவள் கூச்சம் இல்லாமல், பெருமையோடு எழுதி வைத்தாள். புலவர்களுக்குப் பரிசளித்துத் தான் ஆதரித்ததையும், தன் பேரில் நூல்கள் இயற்றப்பட்டதையும் சொல்லிக்கொண்டாள்.

1887-இல் இந்தக் காவியம் அச்சேறியது. வேங்கடநரசு என்ற பண்டிதர் பதிப்பித்தார். அச்சில் சில பாடல்கள் காணாமற் போயின. முகவுரையும் காணாமற் போயிற்று. அதாவது, காவியம் பிழைத்தது. அதை எழுதியவளுடைய பாட்டியும் அத்தையும் மறைந்தார்கள். நாகரத்தினம்மாளின் கைக்கு முதலில் கிடைத்தது இந்தப் பதிப்புத்தான். பிறகு ஏட்டுப் பிரதி ஒன்றையும் அவர் தேடிப் பெற்று இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அப்பொழுதுதான் விஷயம் வெளியாயிற்று. எழுதியவள் ஒரு பெண். அதிலும் தம்மைப் போல் ஒரு தேவதாசி! ஆறேழு தலைமுறைக்கு முந்திய சொந்தக்காரி ஒருத்தி, யாரோ பூட்டிய அறையிலிருந்து கதவைத் தட்டுவது போல் அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1910-இல் விட்டுப்போன பாடல்களையும் முகவுரையையும் சேர்த்து அவர் புதிய பதிப்பைச் செப்பஞ் செய்தார். சென்னை வாவிள்ள ராமசுவாமி சாஸ்திருலு அச்சகத்தார் அதை வெளியிட்டார்கள். ஒரு பெண் எழுதிய காவியத்தை ஒரு பெண் ஏடு பார்த்துப் பதிப்பித்தது அக்காலத்தில் சாமானியமான காரியம் அன்று. நம் தமிழ்நாட்டில் மகாமகோபாத்தியாய டாக்டர் சாமிநாதையரவர்கள் ஏட்டுச் சுவடிக்காக ஊர் ஊராய் அலைந்ததை நாம் பாடப் புத்தகத்தில் படித்துக் கண்ணீர் விடுகிறோம். அதே காலத்தில், அதே சென்னையில், ஒரு பெண்மணி செய்த அதே ஜாதிக் காரியத்தை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்?

புத்தகம் வந்தது, கூச்சலும் வந்தது. ஆந்திர நாட்டின் தலைசிறந்த சீர்திருத்தவாதி ஸ்ரீ கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு. விதவைகளின் மறுமணத்துக்காகவும் பெண் கல்விக்காகவும் அவர் பட்ட பாட்டை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆயினும் முத்துப்பழனி விஷயத்தில் அவர் கடுமையாகவே எழுதியிருந்தார். அந்நூலின் சில பகுதிகள் பெண்கள் காதால் கேட்கவும் தகாதவை. பெண்ணின் வாயிலிருந்து அவை வந்திருக்கவே கூடாது என்பது அவர் கருத்து. அதற்கு நாகரத்தினம்மாள் தம் பதிப்பின் முகவுரையிலேயே பதில் சொன்னார். வெட்கம் என்பது பெண்களுக்கு மட்டும் விதிக்கப்பட்டதா, ஆண்களுக்குக் கிடையாதா என்று கேட்டார். ஆண் கவிகள் இதே ரசத்தில், இதைவிடத் தாராளமாகவே எழுதியிருக்கும் காவியங்களைப் பண்டிதர்கள் மெச்சுவதையும் எடுத்துக் காட்டினார்.

இந்தக் கேள்விக்கு இன்று வரையில் நேரான பதில் வந்ததாக நமக்குத் தெரியவில்லை. ஜயதேவரின் அஷ்டபதியை நம் வீடுகளில் பஜனை மடம் கட்டிப் பாடுகிறோம். குழந்தைகளும் பாட்டிமார்களும் கூடவே பாடுகிறார்கள். அதில் உள்ள சிருங்காரத்தை ஜீவாத்மா பரமாத்மா என்று விளக்கிக்கொள்ள நமக்கு எவ்வளவோ பெரியோர்கள் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். அந்த விளக்கத்தில் ஒரு துளியை முத்துப்பழனிக்கும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

ஆங்கில சர்க்கார் விளக்கத்துக்கெல்லாம் காத்திருக்கவில்லை. 1911-இல் போலீஸார் பிரதிகளைக் கைப்பற்றினார்கள். வேறு சில தெலுங்கு நூல்களோடு ராதிகா ஸாந்த்வனமும் ஆபாச நூல் என்று தடை செய்யப்பட்டது. பண்டிதர்கள் பலர் மனுப்போட்டும் பயன் இல்லை. நம்முடைய இலக்கியத்தில் எது சுத்தம், எது அசுத்தம் என்பதை நம் பாஷை அறியாத துரைமார்கள் நமக்குக் கற்பித்தார்கள். நம்மவரில் சிலரும் தலையாட்டினார்கள். தேசம் விடுதலை பெற்ற 1947-ஆம் வருஷத்தில்தான், சென்னை மாகாணத்துப் பிரதம மந்திரியாக இருந்த ஆந்திர கேசரி பிரகாசம் அவர்கள் காலத்தில், அந்தத் தடையும் நீங்கியது. அரசியல் அடிமைத்தனத்துக்கும் அபிப்பிராய அடிமைத்தனத்துக்கும் எவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

* * *

இனித் திருவையாற்றுக்கு வருவோம்.

ஸ்ரீ தியாகராஜ சுவாமிகள் 1847-ஆம் வருஷம் ஜனவரி 6-ஆம் தேதி சித்தி அடைந்தார். காவேரிக் கரையில் அவருக்குச் சிறிய சமாதி அமைந்தது. சிஷ்யர்கள் தத்தம் ஊர்களுக்குப் போனார்கள்; கீர்த்தனைகள் நாடெங்கும் பரவின; சமாதியை மட்டும் முள்ளும் புதரும் சூழ்ந்தன. 1903-இல் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் இடத்தைக் கண்டு செப்பனிட்டார்கள். சில வருஷங்களில் ஆராதனை விழாவாக வளர்ந்தது. விழா வளர்ந்ததும், நம் நாட்டு வழக்கப்படி, கட்சியும் வளர்ந்தது. தில்லைஸ்தானத்துச் சகோதரர்களான நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் இருவருடைய பெயராலும் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டு ஆராதனைகள் நடந்தன. இரு கட்சியாரும் பக்தியில் குறைந்தவர்கள் அல்லர். ஊர் ஊராய்ப் போய் அரிசியும் பணமும் திரட்டி வந்து அன்னதானம் செய்தவர்கள். அவர்களுடைய தொண்டை நாம் மறக்கலாகாது. ஆனால் கட்சிச் சண்டையில் சமாதியின் சுவரை யார் பார்ப்பது?

1921-இல் நாகரத்தினம்மாளுக்கு, அவருடைய ஆசிரியரும் மைசூர் வித்வானுமான பிடாரம் கிருஷ்ணப்பா அவர்களிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. சமாதி இருக்கும் கோலத்தைப் பார்த்து மனம் வெதும்பி அவர் எழுதியிருந்தார். அம்மையாருக்கு அப்போது வயது நாற்பதுக்கு மேல். சுவாமிகளே கனவில் வந்து ஆணையிட்டதாகவும் சொல்வதுண்டு. கனவோ, கடிதமோ, அவர் திருவையாற்றுக்குக் கிளம்பினார். நிலத்தைப் பெற்றார், அதே வருஷம் அக்டோபரில் திருப்பணிக்கு அஸ்திவாரம் போட்டார். கச்சேரியில் சம்பாதித்த பணம் போதாமற் போனபோது நகைகள் போயின, உடைமைகள் போயின. 1925 ஜனவரியில் சமாதிக்கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. இன்று நாம் கைகூப்பி நிற்கும் சந்நிதி அவர் எழுப்பியது.

கோயில் கட்டியாயிற்று. கட்டியவர் அங்கே பாடலாம் அல்லவா? அதுதான் இல்லை!

ஆராதனை மேடையில் பெண்கள் பாடுவது வழக்கம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர் பணத்தில் எழுந்த சுவர் ஆகும். அவர் ஏற்பாட்டில் நடக்கும் பூஜை ஆகும். அவர் குரல் மட்டும் ஆகாது. அந்த மேடையில் பாடிய வித்வான்களில் சிலருக்குப் பதமும் ஜாவளியும் எந்த வீட்டுப் பெண்மணிகளிடமிருந்து கிடைத்தன என்பது அவரவர்களுக்குத் தெரியும். சென்னையில் வீணை தனம்மாள் வெள்ளிக்கிழமை தோறும் தம் வீட்டில் வீணையை மீட்டியபோது, பெரிய பெரிய வித்வான்கள் மூச்சுவிடும் சப்தமும் கேளாமல் அடங்கி உட்கார்ந்து கேட்டதை அறியாத சங்கீத உலகம் உண்டா? வீட்டிலே குருவாக இருக்கலாம், கோயிலிலே பாடகியாக இருக்கக்கூடாது என்பது அன்றைய தர்மம்.

வேறொருவராயிருந்தால் கோபித்துக்கொண்டு கோயிலைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போயிருப்பார். நாகரத்தினம்மாள் பூட்டவில்லை. இரண்டு கட்சியாரும் முன்புறத்தில் ஆராதனை நடத்தட்டும் என்று விட்டுவிட்டார். 1927-இல் தம் குலத்துப் பெண்களைத் திரட்டிக்கொண்டு வந்து, சமாதியின் பின்புறத்தில் தாமே ஓர் ஆராதனையைத் தொடங்கினார். ஊரார் அதற்குப் பெண்கள் கட்சி என்று பேரிட்டார்கள். முன்னால் ஆண்களின் பாட்டு, பின்னால் பெண்களின் பாட்டு, நடுவில் சுவாமிகள். அவர் எந்தப் பக்கம் செவி சாய்த்தார் என்பதை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பதின்மூன்று பதினான்கு வருஷ காலம் இப்படி நடந்தது. கடைசியில் வித்வான் முசிரி சுப்பிரமணிய ஐயர், சூலமங்கலம் வைத்தியநாத பாகவதர், அதிகாரி எஸ். ஒய். கிருஷ்ணசுவாமி முதலியவர்களின் முயற்சியால் 1940, 1941 வருஷங்களில் கட்சிகள் மூன்றும் ஒன்றாயின. பெண்களும் சந்நிதியில் பாடும் உரிமை பெற்றார்கள். எல்லா வித்வான்களும் ஆண் பெண் பேதம் இன்றி ஒரே பந்தலில் அமர்ந்து பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்களே, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் அதைக் கேட்டு நாம் மெய்சிலிர்க்கிறோமே, அந்தக் காட்சி நிலைபெற்றது இந்த ஒற்றுமைக்குப் பிறகுதான்.

அம்மையார் உலகம் தெரிந்தவர். திறந்த கதவு மறுபடியும் சாத்தப்படக்கூடும் என்பதை அவர் மறக்கவில்லை. 1949-இல் தம் சொத்தைத் தர்ம ஸ்தாபனமாக எழுதி வைத்தபோது, பெண்களுக்கு வேற்றுமை இன்றி அங்கே இடம் இருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாகவே சேர்த்தார். 1952-ஆம் வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி திருவையாற்றிலேயே அவர் காலமானார். சுவாமிகளின் சந்நிதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி அமைந்தது. அதே வருஷத்தில் ராதிகா ஸாந்த்வனமும் மீண்டும் அச்சில் வந்தது.

* * *

இதையெல்லாம் படித்து வரும் நேயர்களில் சிலர் ஓர் ஆட்சேபம் சொல்லக்கூடும். "தேவதாசி முறை ஒரு சமூகக் கொடுமை அல்லவா? அதை ஒழிக்கத்தானே பெரியோர்கள் பாடுபட்டார்கள்? அந்தக் காலத்தைப் புகழ்ந்து பேசுவது சரியா?"

முறை கொடுமையானதுதான். பெண் குழந்தையின் வாழ்வை அவள் அறியாப் பருவத்திலேயே தீர்மானித்துவிடும் எந்த முறையையும் நாம் ஆதரிக்க மாட்டோம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்டசபையில் இதற்காகப் போராடினார். மூவலூர் ராமாமிர்தத்தம்மையார் ஊர் ஊராய்ச் சென்று பேசினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் பொட்டுக்கட்டுவது சட்டப்படி ஒழிந்தது. நல்ல காரியம். அந்தப் போராட்டத்திலும் முன்னின்ற இவ்விருவரும் அதே சமூகத்தோடு பிறப்பாலோ வளர்ப்பாலோ சம்பந்தம் உடையவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். நாகரத்தினம்மாளோ சட்டத்துக்கு மறுபக்கத்தில் நின்று, தங்கள் குலத்தாரின் கல்வியும் கலையும் சொத்துரிமையும் சேர்ந்தே அழிந்துவிடக் கூடாதே என்று வாதாடியவர். இரு திறத்தார் சொல்லிலும் நியாயம் உண்டு. கொடுமையை ஒழித்தவர்களுக்கு நாம் நன்றி சொல்கிறோம். கலையைக் காத்தவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒன்று செய்தால் மற்றொன்று செய்யக்கூடாது என்று எந்த சாஸ்திரமும் கூறவில்லை.

ஆனால் நாம் என்ன செய்தோம்? முறையை ஒழித்தோம்; அவர்களுடைய பாட்டையும் பரதத்தையும் நம் வீட்டுப் பெண்களுக்குக் கற்பித்தோம்; கற்பித்தவர்களுடைய பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டோம். கடன் வாங்கியவன் கடன்காரனின் வீட்டு வழியாகப் போகக் கூசுவது போல்தான் இதுவும்.

இந்த மறதி தேவதாசிகளோடு நின்றதா என்றால், அதுவும் இல்லை. திருவையாற்றிலிருந்து ஏழெட்டு மைல் போனால் தஞ்சாவூர். அங்கே ராவ் சாகிப் ஆபிரகாம் பண்டிதர் என்று ஒரு கிறிஸ்தவப் பெரியவர் வாழ்ந்தார். 1859-இல் தென்காசிச் சீமையைச் சேர்ந்த சாம்பவர் வடகரையில் பிறந்தவர். ஆசிரியத் தொழில் செய்து, பிறகு சித்த வைத்தியத்தில் பெயரும் பொருளும் பெற்றவர். வைத்தியத்தில் வந்த பணத்தைச் சங்கீதத்தில் கொட்டினார். சங்கீத சபைகள் மலியாத அந்தக் காலத்தில், 1912 முதல், தம் சொந்தச் செலவில் தஞ்சையில் சங்கீத மகாநாடுகள் கூட்டினார். 1916-இல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மகாநாட்டுக்குச் சென்று, தமது சுருதிக் கொள்கையைப் புதல்வியரின் பாட்டாலும் வீணையாலும் விளக்கிக் காட்டினார். 1917-இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெரு நூலை வெளியிட்டார். சிலப்பதிகாரத்தில் புதைந்து கிடந்த பழந்தமிழ் இசை இலக்கணத்தைத் தோண்டி எடுக்க முயன்ற முதல் முயற்சிகளில் அது ஒன்று. அவருடைய முடிவுகளைப் பண்டிதர்கள் ஒப்பலாம், மறுக்கலாம், அது ஆராய்ச்சி. ஆனால் அவர் யார் என்று தெரியாமலே தமிழிசையைப் பற்றி மேடையில் முழங்குவது எப்படி?

நாகசுரத்தையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கோயில் உற்சவத்தில் சுவாமிக்கு முன்னால் அந்த மங்கள வாத்தியத்தை வாசித்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா சாகிப் முஸ்லிம் மதத்தினர். ஆந்திர நாட்டில் பிறந்து, நாச்சியார்கோவில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைக் கற்றுக்கொண்டு, அந்தப் பாணிக்கே ஒரு தூணாக விளங்கினார். 1999-இல் அவர் மறையும் வரையில், அந்த நாதத்தைக் கேட்டு உருகிய பக்தர்களில் யாரும் அது எந்த மதம் என்று கேட்கவில்லை. காது கேட்காத கேள்வியை நம் சரித்திரப் புத்தகங்கள் மட்டும் ஏன் கேட்டுக்கொண்டு, பதிலாக மௌனம் சாதிக்கின்றன?

* * *

சரித்திரம் என்பது நடந்தது மட்டும் அன்று. எழுதி வைத்ததும், எடுத்துச் சொன்னதும் சேர்ந்துதான் சரித்திரம். நாம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுக்கிறவர்கள். ஆகையால் இதில் நம் பங்குக் குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்ரீ தியாகராஜ சுவாமிகளைப் பற்றிய பாடத்தை நாம் எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறோம். பிறந்த ஊர், தகப்பனார் பெயர், சரபோஜி மன்னரின் பரிசை மறுத்த கதை எல்லாம் சொல்லி, பரீட்சைக்குக் கேள்வியும் போட்டிருக்கிறோம். சமாதியைக் கட்டியது யார் என்று ஒரு தடவையாவது கேட்டோமா? இல்லை. பாடப் புத்தகத்தில் அது இல்லை. ஆகவே நம் நாவிலும் இல்லை. பெயரை நீக்கிப் பதிப்பித்த பண்டிதரை மேலே கொஞ்சம் பரிகசித்தோம். அவர் முகவுரையை எடுத்தார். நாமோ முடிவுரையை விட்டோம். வித்தியாசம் அதிகம் இல்லை.

மறந்தவர்களுக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. முத்துப்பழனிக்கு இனி மகாராஜாவின் பரிசு வேண்டியதில்லை. நாகரத்தினம்மாளுக்கு மேடை வேண்டியதில்லை. நஷ்டமெல்லாம் இனி வரப்போகிறவர்களுக்குத்தான். பாட்டுக் கற்கும் ஒரு பெண் குழந்தை, தனக்கு முன்னால் பெண்கள் பாடினார்கள், கவி எழுதினார்கள், ஏடு பார்த்துப் பதிப்பித்தார்கள், கோயில் கட்டினார்கள் என்று அறிந்து வளர்வது ஒரு மாதிரி; பெண்கள் என்றால் எதிரே உட்கார்ந்து கேட்கிறவர்கள் என்று நினைத்து வளர்வது வேறு மாதிரி. முத்துப்பழனி தன் பாட்டியின் பெயரை ஏன் எழுதி வைத்தாள் என்பது நமக்கு இப்பொழுதுதான் கொஞ்சம் விளங்குகிறது.

ஆகையால் குடும்பஸ்தர்களான நம் நேயர்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். அடுத்த ஆராதனையன்று பஞ்சரத்தினம் ஒலிக்கும்போது, வீட்டுக் குழந்தைகளை அருகில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கோஷ்டி கானம் தொடங்குவதற்கு முன், ஐந்து நிமிஷம் இந்த அம்மையாரின் கதையைச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் ஊர்க் கோயிலில் ஆடிய பெண்மணி யார், நாகசுரம் வாசித்தவர் யார், குளம் வெட்டியவர், சத்திரம் கட்டியவர் யார் என்று வயதானவர்களிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கேட்பதற்கு வயதானவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

கடைசியில், நண்பரின் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை. கதை முழுவதையும் கேட்ட பிறகு அவள் வெகுநேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அந்தப் பாட்டி பின்பக்கம் உட்கார்ந்து பாடினாளே, அப்போது முன்பக்கம் இருந்தவர்களுக்கு அது காதில் விழுந்திருக்குமா?" என்று கேட்டாள். நண்பர் நம்மைப் பார்த்தார். நாம் நண்பரைப் பார்த்தோம். "விழுந்திருக்கும், அம்மா, நன்றாகவே விழுந்திருக்கும்" என்றார் நண்பர். அடுத்த முறை திருவையாறு போகும்போது அந்தச் சிலைக்கு முன்னால் உட்கார்ந்து தான் ஒரு கீர்த்தனை பாட வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். நண்பரும் நேரமாகிறது என்று இந்தத் தடவை சொல்லவில்லை.